ஆன்சரிங் மெஷின்: வேலூர் சத்துவாச்சாரி லைனில் ஓடும் குறிப்புகள்

05.05.2024

பரணிலிருந்து இறங்கியது அமெரிக்க ஆன்சரிங் மெஷின், யாரும் எடுக்காத போனைத் தானே எடுத்து மெசேஜ் பதிந்துவைப்பது. டேப் கிடையாது, 15 நிமிடம் பதியும் சிப். இந்த மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தால் பட்டன்களைப் பார்ப்பதற்கு முன் அடாப்டரைத் திருப்பிப் படிக்க வேண்டும். இன்புட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகவே கூடாது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகி வாடை வரும், கூடவே மெஷினும் போகலாம். 100-240 என்று இருந்தால் பிரச்சினையில்லை, பிளக்குக்கு ஒரு கன்வெர்ட்டர் போதும்.

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது வீண் செலவு. அவுட்புட்டைப் படித்து அதே அளவில் உள்ளூர் அடாப்டர் வாங்கிவிடலாம். இந்த மெஷினுக்கு 9 வோல்ட் டிசி, 300 மில்லி ஆம்பியர். வோல்ட் மாறக் கூடாது. ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. பிளஸ் பின்னின் நடுவிலா வெளியிலா என்பதை அடாப்டர் மேல் இருக்கும் சின்ன வட்டப் படம் காட்டும், அதையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

அவுட்புட்டே ஏசி என்று போட்ட அடாப்டரும் உண்டு. அந்த மெஷினுக்கு டிசி அடாப்டர் ஆகாது. அதில் கடிகாரம் கரண்டின் ஹெர்ட்ஸை எண்ணி ஓடும் வகையாக இருந்தால், 60-க்குப் பதில் 50 கிடைப்பதால் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். காலை 10 மணிக்கு வந்த மெசேஜை விடியற்காலையில் வந்ததாகச் சொல்கிற மெஷினுக்கு இதுதான் வியாதி.

07.05.2024

சுவரில் போன் லைன் வந்து முடியும் சின்னப் பெட்டியான ரோசெட்டைத் திறந்தால் இரண்டு திருகும் பச்சை பூத்துக் கிடந்தன. செம்பு ஈரம் பட்டுப் பட்டு இப்படி ஆகும். போனில் கரகரப்பு கேட்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் பச்சைதான். வயர் நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி, திருகை உப்புத்தாளில் தேய்த்து முடுக்கியாயிற்று.

பிறகு மல்டிமீட்டர், 200 வோல்ட் டிசி-யில். ரிசீவர் கீழே இருக்கும்போது 48 முதல் 52 வரை காட்ட வேண்டும். எடுத்தால் 6-லிருந்து 12-க்குள் இறங்கும். கீழே இருக்கும்போதே 40-ஐத் தாண்டவில்லை என்றால் எங்கோ கசிகிறது. எல்லா போனையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகினால் எது தின்கிறது என்று தெரிந்துவிடும். எல்லாம் கழற்றியும் ஏறவில்லை என்றால் கோளாறு வெளியே, வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயரிலோ, லைன்கள் பிரியும் டிபி பாக்ஸிலோ. ரிங் வரும் நேரத்தில் திருகில் விரல் வைக்க வேண்டாம். அப்போது லைனில் 75 வோல்ட் ஏசி ஓடும், நன்றாகவே உதறும்.

இந்த வோல்டேஜ் கணக்கு மெஷினுக்கும் முக்கியம். பின்கட்டில் இருக்கும் எக்ஸ்டென்ஷனை யாராவது எடுத்தால் லைன் வோல்டேஜ் இன்னும் சரியும். அதைக் கவனித்துத்தான் மெஷின் பேச்சை நிறுத்தி ஒதுங்கிக்கொள்கிறது. லைன் முதலிலேயே சோர்ந்து கிடந்தால் அந்தச் சரிவு அதற்குத் தெரியாது. வீட்டு ஆளும் மெஷினும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இணைப்பு எளிது: ரோசெட்டிலிருந்து மெஷினில் ‘லைன்’ என்று எழுதிய ஓட்டைக்கு ஒரு கார்டு, ‘போன்’ என்று எழுதியதிலிருந்து போனுக்கு இன்னொன்று. ஜாக்கில் நான்கு வயர் இருந்தாலும் நடுவில் உள்ள இரண்டுக்குத்தான் வேலை. பிராட்பேண்ட் அதே லைனில் வருகிறது என்றால் போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரின் போன் ஓட்டையிலிருந்துதான் மெஷினுக்கு எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மெசேஜிலும் ‘உஸ்’ என்று இரைச்சல் பதியும், நெட்டும் அறுந்து அறுந்து வரும்.

09.05.2024

‘4 ரிங்’ என்று செட் செய்தால் போனை எடுக்கப் போவதற்குள் மெஷின் எடுத்துவிடுகிறது. இந்தப் புகார் எல்லா வீட்டிலும் வரும், ஆனால் மெஷினில் கோளாறு இல்லை.

அமெரிக்காவில் ஒரு ரிங் என்றால் 2 நொடி மணி, 4 நொடி அமைதி, ஆக 6 நொடி. நான்கு ரிங்குக்கு 24 நொடி கிடைக்கும். நம் ஊர் மணி ‘ட்ரிங்-ட்ரிங்’ என்று இரட்டையாக வரும்: 0.4 நொடி மணி, 0.2 இடைவெளி, மறுபடி 0.4 மணி, பிறகு 2 நொடி அமைதி. மொத்தம் 3 நொடி. அதே நான்கு ரிங் இங்கே 12 நொடியில் தீர்ந்துவிடும். சில பழைய மெஷின்கள் இரட்டை மணியை இரண்டு ரிங்காகவே எண்ணும், அதில் 6 நொடிதான். கிணற்றடியில் துணி துவைப்பவர் ஈரக் கையைத் துடைக்கவே அது போதாது.

அதனால் இங்கே 7 அல்லது 8-ல் வைப்பது சரி. மேல் வரம்பும் உண்டு: யாரும் எடுக்காத அழைப்பு லேண்ட்லைனில் 60 நொடி வரை அடிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் வரையறுத்தது, மொபைலுக்கு 30. அந்த 60-க்குள் மெஷின் எடுத்தாக வேண்டும், 8 ரிங் என்றால் 24 நொடிதான்.

‘டோல் சேவர்’ என்று ஒரு நிலை இருக்கும். புது மெசேஜ் இருந்தால் இரண்டாவது ரிங்கில் எடுக்கும், இல்லையென்றால் நான்கில். வெளியூரிலிருந்து கூப்பிடுபவர் மூன்றாவது மணி கேட்டதும் வைத்துவிட்டால் காசு மிச்சம் என்று அந்தக் காலக் கணக்கு. அன்லிமிடெட் பிளான் காலத்தில் அதை யாரும் சீண்ட வேண்டியதில்லை.

கூப்பிடுபவர் நம்பர் திரையில் வராது, அதற்கும் அலைய வேண்டாம். அமெரிக்க மெஷின் முதல் ரிங்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மோடம் ஒலியாக அதை எதிர்பார்க்கிறது. இங்கே பல எக்ஸ்சேஞ்சுகள் முதல் மணிக்கு முன்பே பட்டன் ஒலிகளாக அனுப்பிவிடும்.

12.05.2024

கிரீட்டிங் பதிவு, அதாவது கூப்பிடுபவருக்கு மெஷின் முதலில் போட்டுக் காட்டும் நம் பேச்சு. ஃபேனை நிறுத்தியாக வேண்டும். மே மாத வேலூரில் இது கொடுமைதான், ஆனால் சீலிங் ஃபேன் காற்று மைக்கில் மோதினால் கேட்பவருக்குப் புயல் அடிப்பது போலிருக்கும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி வாயை வைத்து, பீப் முடிந்து ஒரு நொடி விட்டுப் பேச வேண்டும். 10, 12 நொடிக்குள் முடித்துவிடலாம். சிப் மெஷினில் கிரீட்டிங்கும் மெசேஜும் ஒரே நினைவகத்தைப் பங்கு போடுகின்றன.

முதலில் போட்டிருந்தது ‘வணக்கம், நாங்கள் இப்போது...’ என்று தொடங்கும் கிரீட்டிங். அதற்கு வந்த மெசேஜ் இப்படி:

“அல்லோ... அல்லோ... இன்னா அண்ணி, நான் கேக்கறேன், நீ பாட்டுக்குப் பேசிக்கினே போற... அல்லோ...” டொக்.

குரல் தெரிந்த குரலாக இருப்பதால் எதிராளி மனுஷர்தான் பேசுகிறார் என்று நினைத்துவிடுகிறார்கள். எனவே வணக்கம் சொன்ன கையோடு மெஷின் என்று சொல்லிவிட வேண்டும். இப்போது இருப்பது:

“வணக்கம், இது மெஷின் பேசுது. பீப் சத்தம் வந்த பிறகு உங்க பேரு, ஊரு, எஸ்டிடி கோடோட நம்பரு சொல்லுங்க. நாங்க திருப்பிக் கூப்பிடறோம்.”

‘ஊருக்குப் போயிருக்கிறோம்’ என்று சொல்லக் கூடாது, திருடனுக்கும் அதே பீப்தான்.

எஸ்டிடி கோடை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வடாற்காட்டு ஆட்கள் பக்கத்து ஊர்தானே என்று வெறும் நம்பரை மட்டும் சொல்லி வைத்துவிடுவார்கள். வேலூர், காட்பாடிக்கு 0416. ராணிப்பேட்டை, ஆற்காட்டுக்கு 04172. குடியாத்தம் 04171, ஆம்பூர், வாணியம்பாடி 04174, திருவண்ணாமலை 04175, அரக்கோணம் 04177, திருப்பத்தூர் 04179. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோதும் கோடுகள் மாறவில்லை. மொபைல் நம்பரைச் சொன்னால் லேண்ட்லைனிலிருந்து முன்னால் 0 போட்டுத்தான் அடிக்க வேண்டும், 2021 ஜனவரி 15 முதல் அப்படி.

21.05.2024

நினைவகம் நிறைந்துவிட்டது. கேட்டால் பேச்சே இல்லை, ‘டூ... டூ... டூ’ மட்டும். இந்த வகை மெஷினில் இருக்கிற பெரிய தலைவலி இதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

எதிராளி போனை வைத்துவிட்டார் என்பதை மெஷின் மூன்று வழியில் அறியும். எக்ஸ்சேஞ்ச் லைன் கரண்டை ஒரு கணம் அறுத்தால் தெரிந்துகொள்ளும். அல்லது சில நொடி மௌனமாக இருந்தால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். அல்லது எங்கேஜ்டு டோனை அடையாளம் கண்டு வைக்கும். இங்கே எதிராளி வைத்ததும் பெரும்பாலும் கரண்ட் அறுவதில்லை, டோன்தான் வருகிறது. டோன் ஓடுவதால் மௌனமும் இல்லை. அந்த டோனாவது புரியுமா என்றால், நம்முடையது 400 ஹெர்ட்ஸ், 0.75 நொடி ஒலி, 0.75 நொடி அமைதி. அமெரிக்க மெஷின் காத்திருப்பதோ 480-ம் 620-ம் சேர்ந்த ஒலிக்கு, அரை நொடி அரை நொடியாக. ஆக, மெஷின் தன் பாட்டுக்குக் கடைசிவரை பதிந்துகொண்டே இருக்கும்.

மருந்து: ஒரு மெசேஜுக்கான நேரத்தை 3 நிமிடத்திலிருந்து 1 நிமிடத்துக்கு இறக்குவது. வெறுமனே வைத்துவிடும் 15 பேரில் 15 நிமிடமும் போய்விடும் என்பது உண்மைதான், ஆனாலும் 3 நிமிடமாக இருந்தால் ஐந்து பேரிலேயே போகும். இழுத்துப் பேசுகிற பெரியம்மாக்கள் பாதியில் அறுபடுவார்கள். அவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள், கவலை இல்லை. புதிதாக வாங்குவதாக இருந்தால் இந்தியாவில் விற்பதற்கென்றே வரும் கார்ட்லெஸ் செட்டில் ஆன்சரிங் வசதி உள்ளதை வாங்குவது நல்லது. டோன் அமைப்பு இந்த நாட்டுக்கேற்ப இருக்கும்.

02.06.2024

சாயங்காலம் இடி. சாதா போனுக்கு ஒரே வயர், மெஷினுக்கு இரண்டு: போன் லைன் ஒரு பக்கம், கரண்ட் ஒரு பக்கம். மின்னல் ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும்போது நடுவில் மாட்டுவது மெஷின். அதனால் போன் வயரை மட்டும் பிடுங்கினால் போதாது, இரண்டையும் பிடுங்க வேண்டும். சர்ஜ் புரொடெக்டரும் போன் லைன், பவர் இரண்டும் சேர்ந்து போகும் வகையாக இருக்க வேண்டும், அதன் எர்த் பின்னுக்கு உண்மையிலேயே எர்த் இருக்க வேண்டும்.

கரண்ட் கட்டுக்குப் பிறகு கடிகாரம் கண் சிமிட்டும். பழைய சிப் மெஷினில் 9 வோல்ட் சதுர பேட்டரிக்கு அடியில் இடம் இருக்கும். அது போடாவிட்டால் கிரீட்டிங்கும் மெசேஜும் சேர்ந்தே அழியும். ஃபிளாஷ் மெமரி என்றால் மெசேஜ் தங்கும், நேரம் மட்டும் போகும்.

16.06.2024

குடியாத்தத்திலிருந்து ஒரு மைக்ரோ கேசட் மெஷின் வந்தது. டேப் சுற்றவில்லை. பெல்ட் இளகிப் பசையாகி மோட்டார் புல்லியில் ஒட்டிக்கிடந்தது. நம் ஊர் வெயிலில் இருபது முப்பது வருடம் கிடந்த ரப்பர் வேறு எப்படி இருக்கும்? பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, அதே சுற்றளவில் புது பெல்ட். ஹெட்டும் பிஞ்ச் ரோலரும் அதே பஞ்சில். சரியாகிவிட்டது.

14.07.2024

செம்பு லைன் போய் ஃபைபர் வந்தது. இனி போன் வருவது, ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியின் ‘டெல்’ ஓட்டையிலிருந்து. மெஷினை நேராக அதில் செருகினால் வேலை முடிந்தது. வீட்டுக்குள் இருக்கும் பழைய வயரிங்கிலேயே எக்ஸ்டென்ஷன்களும் அடிக்க வேண்டும் என்றால், முதலில் வெளியிலிருந்து வரும் டிராப் வயரை ரோசெட்டில் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் ஓஎன்டி-யை ஊட்டினால் பழைய லைனில் மிச்சம் இருக்கும் வோல்டேஜ் அதோடு மோதும்.

ஓஎன்டி-யின் மணிக்குப் பலம் குறைவு. செம்பில் நான்கு போன் அடித்த வீட்டில் இங்கே இரண்டோடு தடுமாறலாம். உள்ளே நிஜ மணி வைத்த பழைய கறுப்பு போன்தான் அதிகம் இழுக்கும், அதைக் கழற்றிவிட்டால் மெஷின் ரிங்கை ஒழுங்காக எண்ணும். எதிராளி வைத்ததும் கரண்டை ஒரு கணம் அறுக்கும் அமைப்பு சில ஓஎன்டி-களில் உண்டு, கேட்டுப் பார்க்கலாம். அது கிடைத்தால் மே 21-ல் எழுதிய ‘டூ டூ’ தொல்லை அத்தோடு ஒழிந்தது.

செம்பு லைன் கரண்ட் போனாலும் பேசும், ஃபைபர் பேசாது. ஓஎன்டி-க்கு மினி யுபிஎஸ் போட்டால் மெஷினுக்கும் சேர்த்துப் போட வேண்டும். ஒன்று 12 வோல்ட், மற்றது 9. இரண்டு அவுட்புட்டும் உள்ள யுபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்க வேண்டும், பின் அளவும் பிளஸ்-மைனஸும் பொருந்த வேண்டும்.

28.07.2024

வெளியிலிருந்து மெசேஜ் கேட்பது. வீட்டு நம்பரை அடித்து, கிரீட்டிங் ஓடும்போது மெஷினின் ரகசிய எண்ணான ரிமோட் கோடை அழுத்த வேண்டும். நம் குரலுக்கு நடுவில் அழுத்தினால் சில சமயம் மெஷின் கண்டுகொள்ளாது, வாக்கியங்களுக்கு இடையே விட்ட மூச்சில் அழுத்தினால் பிடிக்கும். அதற்காகவே கிரீட்டிங்கில் ஒரு நொடி இடைவெளி விட்டுப் பதிவது நல்ல பழக்கம். பழைய கோடு மெஷினின் அடியிலேயே அச்சடித்திருக்கும், முதல் வேலையாக மாற்றிவிட வேண்டும். இரண்டு இலக்கக் கோடு என்றால் மொத்தமே 100 வாய்ப்புதான். ‘ரூம் மானிட்டர்’ வசதி உள்ள மெஷினில் கோடு தெரிந்தவர் வீட்டுப் பேச்சையே கேட்கலாம்.

ஃபைபருக்கு மாறிய பிறகு கோடு ஏறவில்லை என்றால் பட்டன் ஒலி வழியில் சிதைகிறது என்று அர்த்தம். குரலை நெருக்கி அனுப்பும் கோடெக்கில் மனிதக் குரல் பிழைத்துவிடும், டிடிஎம்எஃப் எனப்படும் பட்டன் ஒலி பிழைக்காது. சர்வீஸ் ஆளிடம் அதிகம் நெருக்காத ஜி.711 கோடெக் கேட்கலாம், அல்லது பட்டன் ஒலியைத் தனியாக அனுப்பும் அமைப்பைப் போடச் சொல்லலாம். சுழற்றும் போனிலிருந்து இது எதுவும் நடக்காது.

மெஷினை ஆன் செய்யாமல் கிளம்பிவிட்டால் 15 ரிங் வரை விட்டுப் பார்க்கலாம். பல மெஷின்கள் அப்போது எடுத்து ஒரு பீப் மட்டும் போடும், கோடு கொடுத்து ஆன் செய்துவிடலாம். நம் மணியில் 15 ரிங் என்பது 45 நொடி, 60-க்குள் அடங்கிவிடுகிறது. நினைவகம் நிறைந்துபோன மெஷினும் இப்படித்தான் தாமதமாக எடுக்கும். உள்ளே போய் பழையதை அழித்துவிட்டு வைத்தால் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும்.