லோயர் குவாட்ரண்ட் சிக்னல்: கை குதிக்காமல் இறங்குகிறது

என் மாதிரி ரயில் பாதைக்குச் செய்த ஹோம் சிக்னலின் (நிலையத்துக்குள் நுழைய ரயிலுக்கு அனுமதி தருவது) கை ஒருவழியாகச் சீராக இறங்கி ஏறுகிறது. லோயர் குவாட்ரண்ட் என்றால் கை கிடையாக நின்றால் 'நில்', கீழே இறங்கினால் 'போ'. ஹெச்ஓ அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு), 80 மி.மீ. கம்பம், 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டில் அறுத்த கை, பலகைக்கு அடியில் எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்), அதை ஓட்ட ஒரு ஆர்டுயினோ நானோ போர்டு. கம்பம், ஏணி, பெயின்ட் எல்லாம் வழக்கமான வேலை. உயிரை வாங்குவது சர்வோவுக்கும் கைக்கும் நடுவில் இருக்கும் இணைப்புதான்.

கணக்கைப் பாருங்கள். சுழல் ஊசியிலிருந்து 2 மி.மீ. தள்ளிக் கம்பி மாட்டும் துளை. கை 45 டிகிரி இறங்க, கம்பி நகர வேண்டியது வெறும் 1.5 மி.மீ. சர்வோ கொம்பின் (அதன் அச்சில் மாட்டும் பிளாஸ்டிக் கையின்) 8 மி.மீ. துளையில் நேரடியாக மாட்டினால் சர்வோ 11 டிகிரிதான் திரும்பும். சர்வோவுக்குக் கோணத்தைச் சொல்வது மைக்ரோசெகண்டில் அளக்கும் மின்துடிப்பின் நீளம். எஸ்ஜி90-இன் டெட் பேண்ட், அதாவது அது கண்டுகொள்ளாத சின்ன மாற்றம், 10 மைக்ரோசெகண்ட், ஏறக்குறைய 1 டிகிரி. அதாவது முழு இறக்கத்துக்கும் 11 படி. படிக்கு 4 டிகிரி கை குதிக்கும். புரோகிராமில் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் இது போகாது. விலை கூடிய சர்வோ வாங்குவதும் வீண் செலவு.

தீர்வு ஒரு நெம்புகோல். பித்தளைப் பட்டையில் எம்2 திருகை அச்சாக வைத்து, 6 மி.மீ. தூரத்தில் கைக்குப் போகும் கம்பி, 18 மி.மீ. தூரத்தில் சர்வோ கம்பி. இப்போது சர்வோ 33 டிகிரி திரும்ப வேண்டும்; படிகள் மூன்று மடங்கு. சர்வோ பக்கத்து லொடலொடப்பும் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. திருகுக்கு இரட்டை நட்டு அவசியம், ஒற்றை நட்டு தானாகக் கழன்றுவிடும்.

கைப் பக்கத்துத் துளையில் ஆட்டம் மிஞ்சும். 0.4 கம்பிக்கு 0.5 துளை போட்டால், அந்த 0.1 மி.மீ. இடைவெளியே கையில் 3 டிகிரி ஆட்டம். துளையை இன்னும் இறுக்கினால் கம்பி சிக்கும். அசல் சிக்னல் செய்வதையே செய்ய வேண்டும்: கம்பி அறுந்தாலும் கை ஆபத்து ('நில்') நிலைக்கே திரும்பும்படி அங்கே விளக்குக்கு முன்னால் வரும் நிறக் கண்ணாடிச் சட்டத்தின் பக்கம் எடை இருக்கும். தூண்டில் ஈயக் குண்டை நசுக்கி, சட்டத்தின் பின்னால் ஒரு பொட்டு ஒட்டினால் போதும். கம்பி துளையின் ஒரே ஓரத்தில் அழுந்தி நிற்கும், ஆட்டம் தெரியாது.

அந்த 0.4 கம்பிக்கு இசைக்கருவிக் கடையில் 016 கிட்டார் தந்தி கேளுங்கள். விறைப்பானது, சால்டரும் பிடிக்கும். 0.5 டிரில் பிட் நகைப் பட்டறைச் சாமான் கடையில் கிடைக்கும். சர்வோவும் நானோவும் சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் எளிது, ஆனால் ஒரே பெட்டியில் வரும் சர்வோக்களே ஒன்றுபோல் நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக மைக்ரோசெகண்ட் அளவு குறித்துக்கொள்ளுங்கள்.

வேகம்: இறங்கும்போது 20 மில்லிசெகண்டுக்கு 10 மைக்ரோசெகண்ட். ஏறும்போது அதன் இரட்டிப்பு. மேலே தொட்டதும் 60 மைக்ரோசெகண்ட் இறங்கி, ஏறி, 30 இறங்கி, ஏறி நிற்கும். இந்தச் சின்ன அதிர்வு இல்லாத சிக்னல் பொம்மைதான். மின்சாரம் போட்டவுடன் கை துள்ளினால் சிக்னல் வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். புரோகிராமில் சர்வோவை இயக்கத்தில் இணைக்கும் அட்டாச் கட்டளைக்கு முன்பே ஆபத்து நிலையின் அளவை எழுதிவிட வேண்டும். சர்வோவுக்குத் தனி 5 வோல்ட், கிரவுண்ட் மட்டும் பொது.

விளக்கு 0402 அளவு (1 மி.மீ. நீளம்) வார்ம் வைட் எல்இடி, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு. இதற்குக் குறைந்தால் சர்ச்லைட் மாதிரி அடிக்கிறது. பச்சைக்குப் பச்சைத் தாள் வேண்டாம், நீலச்சாயல் ஜெலட்டின் தாள் ஒட்டுங்கள். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் கண்ணாடி நீலம்தான், மஞ்சள் சுடரோடு சேர்ந்து பச்சையாகத் தெரியும். வார்ம் வைட்டிலும் அதே கதை.

எனாமல் வயர் ஏணிக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது, ஒட்டவில்லை. அதற்குள் அடுத்த கம்பத்துக்குத் தகடு வெட்டியாகிவிட்டது: மீன்வால் வெட்டுள்ள வார்னர் (அடுத்து வரும் சிக்னலை முன்கூட்டியே அறிவிப்பது). தனிக் கம்பத்தில் நிற்பதால் அதற்கு மேலே இரவில் எரியும் நிலையான பச்சை விளக்கும் வேண்டும். ஆக இரண்டு எல்இடி, நான்கு வயர், கம்பமாக நிற்கும் அதே 2 மி.மீ. குழாய்க்குள்.