எங்க வீட்டுச் செவலையும் தீர்த்தன் ஆற்று மீனும்

நேற்று சாயங்காலம்தான் வீடு வந்து சேர்ந்தேன். அழுக்குத் துணி மூட்டை இன்னும் வாசல் திண்ணையில் கிடக்கிறது. அம்மா மூன்று தடவை கத்திவிட்டாள். கிடக்கட்டும், முதலில் இதை எழுதியாக வேண்டும். எங்க வீட்டுச் சேவலின் கழுத்து இறகில் நானே கட்டிய பூச்சியை, இமாச்சலத்துத் தீர்த்தன் ஆற்றில் ஒரு ட்ரவுட் மீன் கவ்வியது!

மண்புழு கோத்துக் குளத்தில் தூண்டில் போடும் கதை அல்ல இது. முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி மாதிரியே ஒன்றைச் செய்து மீனை ஏமாற்றும் வேலை. ஃப்ளை கட்டுவது என்பார்கள். இதற்கென்றே அமெரிக்காவில் பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்துச் சேவல் வளர்க்கிறார்கள். ஒல்லியாக, நீளமாக, இழை குட்டையாக, விறைப்பாக இறகு வரும். அப்படி ஒரு கழுத்துத் தோலுக்கு நான் பார்த்த விலை ஆறாயிரம் ரூபாய். என் ரயில், பஸ் செலவு இரண்டையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

ஆடியில் கருப்பண்ணசாமிக்கு அறுத்த செவலைச் சேவல் இருந்தது. வெந்நீரில் முக்குவதற்கு முன்னாலேயே கழுத்து இறகைப் பிடுங்கிக்கொண்டேன். முக்கிவிட்டால் அப்புறம் சுத்தம் செய்வது பெரும்பாடு. "கறி வேகறதுக்குள்ள மயிர எண்ணீட்டு உக்காந்திருக்கான் பாரு" என்று அம்மா ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். ஷாம்பு பாக்கெட் போட்டு அலசி, நிழலில் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தேன். கோழிப் பேனோ பூச்சியோ இருந்தால் செத்துப்போகும். பையைப் பட்டாணி என்று நினைத்துப் பிரித்த தங்கச்சி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அந்த இறகின் ஓரம் செம்மண் நிறம், நடுத்தண்டை ஒட்டிக் கறுப்பு. இந்த நிறத்தை வைத்தே வேல்ஸ் நாட்டில் பழைய பூச்சி ஒன்று உண்டு, பெயர் கோக்-அ-பொந்தி. உடம்புக்கு மயில் தோகை இழை, கழுத்துக்குச் சேவல் இறகு. சேவலும் மயிலும்! எந்த வெள்ளைக்காரன் முருகனுக்கு நேர்ந்துகொண்டு கட்டினானோ தெரியாது. தோகை எங்கள் தோட்டத்தில் மயில் தானாக உதிர்த்தது. ஆகச் செலவு முள்ளுக்கும் நூலுக்கும் மட்டும்தான்.

சரி, பயணம். டெல்லி வரை ரயில், சொல்ல ஒன்றுமில்லை. டெல்லியிலிருந்து மணாலி போகும் ராத்திரி பஸ்ஸைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சொகுசு என்று காசு வாங்கினார்கள். என் சீட்டு சாயவே மாட்டேன் என்றது, முன்சீட்டோ என் மடியில் படுத்துக்கொண்டது. விடிகாலை நாலரைக்கு அவுட் என்ற ஊரின் சுரங்கப்பாதை வாயில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். குளிரில் பல் கிட்டியது. நான் போக வேண்டிய ஊர் தீர்த்தன் ஆற்றங்கரைக் குஷைனி. அங்கே காத்திருந்த டாக்சிக்காரர் அதற்கு 2,500 கேட்டார். பேசிப் பேசி 1,800. "இந்த நேரத்தில் பஸ் ஏது" என்றார். விடிந்ததும் பஞ்சாருக்குப் பஸ் உண்டு, அங்கிருந்து குஷைனிக்கு இன்னொன்று, எல்லாம் சேர்த்து நூறு, நூற்றைம்பதுக்குள் முடிந்திருக்கும் என்று தங்கிய வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு டீ இறங்கவில்லை. டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இன்னொரு நாள் தங்கியிருக்கலாம்!

அந்தக் கோபத்தை ஆற்றியது சித்து. புளிக்கவைத்த கோதுமை மாவுக்குள் வால்நட் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்துத் தருகிறார்கள். நம்ம கொழுக்கட்டைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்டு, நடுவில் ஒரு கரண்டி நெய் ஊற்றினார் வீட்டு அம்மா. மூன்று தின்றேன். மத்தியானச் சாப்பாட்டுக் காசு மிச்சம்.

தூண்டில் போட மீன்துறைச் சீட்டு கட்டாயம். நவம்பரிலிருந்து பிப்ரவரி முடிய மீன் முட்டையிடும் காலம், தடை. இந்த பிரவுன் ட்ரவுட் இமயத்து மீனே அல்ல, ஐரோப்பிய மீன். 1909-ல் வெள்ளைக்காரர்கள் குலு பக்கம் கொண்டுவந்து விட்டது. ஆக, வந்தேறி மீனைப் பிடிக்க வந்தேறியாக நானும் போயிருந்தேன்.

முதல் நாள் பூராவும் அசிங்கப்பட்டேன். என் பூச்சி தண்ணீர் மேல் மிதக்க வேண்டும். இரண்டு வீச்சுக்கு மிதந்தது, மூன்றாவதில் பொத்தென்று மூழ்கியது. காரணம் இறகுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும்: ஓரத்து இழைகள் கம்பி மாதிரி தனித்தனியாகப் பளபளக்கும். தண்டை ஒட்டிய பகுதி மட்டும் மங்கலாக, பின்னிப் பிணைந்து பஞ்சு மாதிரி இருக்கும். அந்தப் பஞ்சு தண்ணீர் குடிக்கும். நாட்டுச் சேவலுக்கு அது அதிகம். இழையும் நீளம், சின்ன முள்ளுக்குச் சரிப்படாது. நான் கட்டியது 12-ஆம் நம்பர் முள், அதற்கே கழுத்தின் மேல்பக்கத்துச் சின்ன இறகாகப் பார்த்துப் பொறுக்க வேண்டியிருந்தது. நன்றாக மிதக்கும் இறகுப் பூச்சிதான் வேண்டும் என்றால் ஆறாயிரத்தைக் கொடுத்துத் தொலையுங்கள்.

இரண்டாம் நாள் கூட வந்த உள்ளூர்க்காரர் பூச்சியை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். "முர்கா?" என்றார். ஆமாம், எங்க வீட்டுச் சேவல் என்றேன். சிரித்துவிட்டு, மூழ்கினால் மூழ்கட்டும், மிதக்கவைக்க ஏன் மல்லுக்கட்டுகிறாய் என்றார். அவ்வளவுதான் விஷயம்! ஒரு பெரிய பாறைக்குச் சற்று மேலே, தண்ணீர் வரும் பக்கமாக வீசி, பூச்சி தானாக இறங்கி, நீரோட்டத்தில் சுழன்று பாறையின் நிழலுக்குள் போகும்படி விட்டேன். அந்த நீள இழைகள் தண்ணீருக்குள் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கின. நாலாவது வீச்சில் தங்கூசி நூல் சுண்டி இழுத்தது. கை நடுங்கியதில் கோல் கிட்டத்தட்ட விழுந்தேவிட்டது.

ஒரு சாண் மீன்தான். வயிறு வெண்ணெய் நிறம், பக்கவாட்டில் சிவப்புப் பொட்டு, பொட்டைச் சுற்றி வெளிறிய வளையம். வாயோரத்தில் எங்க செவலையின் இறகு, ஈரத்தில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி விட்டுவிட்டேன். படம் எடுக்க மறந்துவிட்டேன், நம்பினால் நம்புங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. நம்ம மலைக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசினாற்போல் மஞ்சள் பொட்டு இருக்கும். சால்மன் மீனுக்குப் பூச்சி கட்டுபவர்களுக்கு அதன்மேல் பெரிய ஆசை. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. யாராவது இறகு விற்க வந்தால் விரட்டிவிடுங்கள்.

எட்டுப் பூச்சி கொண்டுபோனேன். மூன்றை மரக்கிளையும் ஒன்றைப் பாறையும் வாங்கிக்கொண்டன. மிச்சம் நாலு. இன்றைக்குக் காலையில் காபி கொடுக்கும்போது அம்மா கேட்டாள்: "பக்கத்து வீட்டுல தீவாளிக்கு அந்த வெள்ளைச் சேவல அடிக்கறாங்களாம், கழுத்து வேணுமா?" வெந்நீரில் முக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கச் சொன்னேன்.