குனியாமல் ஒரு பொங்கல்

9 ஜனவரி 2025, வியாழன்

ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஆறு வாரம். கீழ் முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே பிதுங்கி நரம்பை நெரித்துக்கொண்டிருந்த டிஸ்க் துண்டை எடுத்துவிட்டார்கள். தழும்பு இரண்டு விரல் அகலம்கூட இல்லை. "நல்லா ஆறியிருக்கு" என்றார் டாக்டர். பொங்கலுக்கு ஊருக்குப் போகலாமா என்றதும் கொஞ்சம் யோசித்தார். ராத்திரி ரயிலில் படுத்துக்கொண்டு போவதென்றால் சரி, சென்னையிலிருந்து காரில் உட்கார்ந்தே போவதென்றால் வேண்டாம். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, இடுப்பை முறுக்கித் திரும்பக் கூடாது.

உட்காருவதில் அப்படி என்ன இருக்கிறது என்று இவர் கேட்டார். பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கை ஒப்பித்தேன். 1960களில் சுவீடனில் நாக்கெம்சன் என்கிற டாக்டர் டிஸ்க்குக்குள்ளேயே ஊசியை இறக்கி அழுத்தத்தை அளந்திருக்கிறார். நிற்கும்போது 100 என்றால் மல்லாந்து படுக்கும்போது 25, உட்காரும்போது 140, உட்கார்ந்தபடி முன்னால் சாய்ந்தால் 185. உட்காருவது அவ்வளவு மோசமில்லை என்று பின்னால் அளந்தவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். இருக்கட்டும். என் முதுகு நாக்கெம்சன் கட்சி.

10 ஜனவரி, வெள்ளி, நெல்லை எக்ஸ்பிரஸ்

120 நாள் முன்பதிவு இருந்தபோது, அது திறந்த அன்றே எடுத்த டிக்கெட். அப்போது ஆபரேஷன் பேச்சே இல்லை. 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கம்ப்யூட்டரே பார்த்துக் கீழ் படுக்கை ஒதுக்கும். 47 ஆனதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. எழும்பூரில் இவர் மூன்று பையையும் சுமக்க, நான் தண்ணீர் பாட்டிலோடு நிமிர்ந்த நடையில் பின்னால் போனேன். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

பத்து மணி வரை கீழ் படுக்கை எல்லோருக்கும் பொது. செங்கல்பட்டு தாண்டும்வரை நின்றே வந்தேன். ஒரு பையன் வந்து, "ஆன்ட்டி, அம்மாவுக்கு முட்டி வலி, நீங்க அப்பர் போறீங்களா?" என்றான். முதுகுக்குக் கட்டிய பெல்ட் உள்ளே இருப்பதால் வெளியே நான் கல்லுக்குண்டு மாதிரிதான் தெரிகிறேன். வயிற்றுப் பக்கம் தட்டிக் காட்டினேன். பட்டை டொக் டொக்கென்றது. அந்த அம்மா பதறிப்போய், "நீ படும்மா, நீ படு" என்றார். எதிரில் இருந்த கல்லூரிப் பெண் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிக்கொண்டாள்.

படுப்பது சுலபம், எழுவதுதான் வித்தை. மரக்கட்டை மாதிரி மொத்தமாக ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி நேராக எழ வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே கட்டிலுக்கு மேலே இன்னொரு கட்டில் இல்லையே! இங்கே நேராக எழுந்தால் தலை நடுப் படுக்கையில் இடிக்கும். இடிக்காமல் இருக்கக் கூன் போட வேண்டும். கூன் போட்டால் 185. திண்டுக்கல் பக்கம் பாத்ரூம் போக, பக்கவாட்டில் சறுக்கி, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, ஏணிக் கம்பியைப் பிடித்து எழுந்தேன். நடுப் படுக்கையில் இவர் குறட்டை.

11 ஜனவரி, சனி, கல்லிடைக்குறிச்சி

திருநெல்வேலிக்குத் தம்பி காரோடு வந்திருந்தான். செங்கோட்டை பாசஞ்சரில்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன். தண்டவாளத்தில் வேகத்தடை கிடையாது, அவ்வளவுதான் காரணம். சேரன்மகாதேவி தாண்டியதும் வயலும் மலையும் தெரிய, வாசலோரம் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்தேன்.

வீட்டு வாசலில் இடது கால் செருப்பு எப்போது கழன்றதென்றே தெரியவில்லை. பாதத்தின் மேல்பக்கம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, கட்டைவிரலைத் தூக்கவும் முழுசாக வரவில்லை. தம்பி பெண்டாட்டி ஓடிவந்து எடுத்துக்கொண்டு, "மதினி, நீங்க பேசாம உள்ள வாங்க" என்றாள்.

பட்டாசலில் தூணில் சாய்ந்து ஆச்சி. 88 வயது, நடந்தால் முகம் தரையைத்தான் பார்க்கும். ஊருக்கு வந்ததும் முதல் வேலை ஆச்சி காலில் விழுவது. நினைவு தெரிந்த நாளாகத் தவறியதில்லை. முன்னால் போய் மரம் மாதிரி நின்றேன்.

"ஆச்சி, என்னால குனிய முடியாது."

"என்னால நிமிர முடியாது. ஏட்டி, போய்க் காப்பியக் குடி."

12 ஜனவரி, ஞாயிறு

பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வைத்தியர் தெரிந்திருக்கிறது. கத்தி வைக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்று திட்டும் வேறு. சோறு சாப்பிட எனக்கு மட்டும் மேசை, பந்தியில் கல்யாணப் பெண் மாதிரி. எங்கள் வீட்டில் இன்னும் குத்தவைக்கும் கழிப்பறைதான். ரயில் ஏறும் முன்பிருந்தே இதுதான் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று மேலே தயாராகப் போட்டிருந்தது. தம்பி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

13 ஜனவரி, திங்கள்

பொங்கல் கோலம் எங்கள் தெருவில் என் சொத்து. தம்பி மகளைக் குனியவிட்டு, குடைக்கம்பால் காட்டிக் காட்டிச் சொன்னேன். 15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி. "அத்தை, நீங்க டீச்சராட்டம் இருக்கீங்க" என்றாள். டீச்சர்தான். இரண்டு இடத்தில் கோடு பிசகியது. கை பரபரத்தது. குடையைக் கீழே போடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் எடுப்பது யார்? விட்டுவிட்டேன்.

14 ஜனவரி, செவ்வாய், பொங்கல்

பால் பொங்கியது, குலவை போட முதுகு தேவையில்லை, போட்டேன். சிறுகிழங்குப் பொரியலை ஒரு ஆளாகக் காலிசெய்தேன்.

திருநீறு பூசும் நேரம் வந்தது. தரையில் இருக்கும் ஆச்சிக்கு என் நெற்றி எட்டாது. எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆச்சியே தூணைப் பிடித்து எழுந்து, "அந்த நாக்காலியப் போடு" என்றாள். நான் உட்கார்ந்தேன். கூன் முதுகோடு ஆச்சி நிற்க, இரண்டு முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. பூசிவிட்டு, என் இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

"இது என்னட்டி, கவசமா? எனக்கு ஒருக்க மாட்டிவிடு."

தம்பி பெண்டாட்டிதான் கட்டிவிட்டாள். ஆச்சி உடம்புக்கு அது ஏறக்குறைய இரண்டு சுற்று வந்தது. நிலைப்படிவரை நடந்து பார்த்தாள்.

"மூச்சு முட்டுது. கழத்துங்கட்டி."