எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன், வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி, எப்போது திரும்பலாம் என்பதுதான். உட்கார்ந்து பார்க்கும் வேலையென்றால் ஒன்று முதல் மூன்று வாரம், நின்று நடந்து பாரம் தூக்கிச் செய்யும் வேலையென்றால் 4 முதல் 6 வாரம் என்பது பொதுவாகக் கிடைக்கும் பதில். அது சரியான பதில்தான். ஆனால் பெரும்பாலும் அது வயிற்றுக் காயத்தையும் வலியையும் கணக்கில் கொண்டு சொல்லப்படுவது. இந்தச் சிகிச்சையில் ஒரு வகையான ஸ்லீவ் அறுவை செய்துகொண்டு, அந்தக் கால எல்லையின் முன்பாதியிலேயே அலுவலகம் திரும்பிய எனக்கு, நாளைத் தீர்மானிக்க வேண்டியது வேறொன்று என்று தோன்றுகிறது. வேலையும் பார்த்துக்கொண்டே ஒரு நாளில் உங்களால் எவ்வளவு நீர் குடித்து முடிக்க முடிகிறது என்பதே அது.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுக்கப்பட்டு, மீதி ஒரு குறுகிய குழாயாக ஸ்டேப்ளர் கொண்டு மூடப்படுகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பை மட்டும் விடப்பட்டு, சிறுகுடல் அதனுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது. இரண்டுமே இன்று பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில், நான்கைந்து சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுகின்றன. துளைகள் விரைவில் ஆறிவிடும். சட்டைக்கு வெளியே எதுவும் தெரியாது. ஓரிரு நாளில் வீடு திரும்பி, ஒரு வாரத்தில் தெருமுனை வரை நடக்கும் ஒருவரைப் பார்ப்பவர்கள், அவர் முழுவதும் குணமாகிவிட்டார் என்றே நினைப்பார்கள். உள்ளேயோ, நீளமான ஸ்டேப்ளர் கோடு ஆறிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிய வீக்கம் வடிய இன்னும் பல நாள்கள் ஆகும். முன்பு ஒரே மூச்சில் ஒரு டம்ளர் நீரைக் குடித்தவருக்கு, இப்போது ஒரு வாய் கூடுதலாக விழுங்கினால் நெஞ்சுக் குழியில் ஏதோ அடைத்தது போல் அழுத்தும், எச்சில் நுரைத்துக்கொண்டு ஊறும், சில சமயம் வாந்தியாகவே வந்துவிடும்.

இந்த நிலையில் உடலுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் நீர் வேண்டும். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை 15 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 மில்லி. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. அதை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு சிறு மிடறாகத்தான் இறக்க முடியும் என்னும்போதுதான் அது ஒரு முழுநேர வேலை என்பது புரியும். வீட்டில் இருக்கும்போது அந்த வேலையைத் தவிர வேறு வேலை இல்லை. அலுவலகத்திலோ ஒரு மணி நேர மீட்டிங், அதைத் தொடர்ந்து ஒரு தொலைபேசி அழைப்பு, அதன்பின் அவசரமாக முடித்துத் தரவேண்டிய ஒரு கோப்பு என்று போனால், 200 மில்லி விட்டுப்போயிருக்கும். விட்டுப்போனதை மாலையில் வட்டியும் முதலுமாகக் கட்டிவிட முடியாது, ஏனென்றால் கூடுதலாகக் குடிக்க இடமே இல்லை. இப்படி இரண்டு மூன்று நாள் சேர்ந்தால் தலைவலி, மயக்கம், குமட்டல் தொடங்கும். குமட்டல் வந்தால் குடிப்பது இன்னும் குறையும். இந்த அறுவைக்குப் பிறகு மக்கள் மீண்டும் மருத்துவமனைக்கு ஓடுவதற்கான முக்கியக் காரணங்களில் நீர்ச்சத்துக் குறைவு ஒன்று.

ஆகவே, சேரும் தேதியை முடிவு செய்வதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அலுவலக நேரத்துக்கு எழுந்து, குளித்து, உடை மாற்றி, கணினி முன் உட்கார்ந்து, ஏதாவது ஒரு வேலையில் கவனம் செலுத்திக்கொண்டே மாலை வரை எவ்வளவு குடித்தோம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை லிட்டரை எட்டும் வேகம் இருந்தால், சிறுநீரும் வெளிர் மஞ்சளாகவே போனால், தயார். மதியத்துக்கே அடர் மஞ்சளாகிவிட்டால், தையல் எவ்வளவு அழகாக ஆறியிருந்தாலும் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்த பிறகும் இந்தச் சோதனையைச் செய்வதில் நட்டமில்லை.

நான் அளவுக் கோடுகள் போட்ட ஒரு பாட்டிலையும், மருந்து ஊற்றிக் குடிக்கும் 30 மில்லி சிறு கிண்ணம் ஒன்றையும் மேசையில் வைத்துக்கொண்டேன். பாட்டிலிலிருந்து நேரடியாகக் குடித்தால் பழைய பழக்கத்தில் பெரிய வாயாக விழுங்கிவிடுவோம், கிண்ணம் அதற்கு இடம் கொடுக்காது. ஒரு கிண்ணத்தை ஏழெட்டு மிடறாகப் பிரித்துக் குடித்து முடிப்பதற்குள் ஒரு பக்கக் கணக்கைச் சரிபார்த்துவிடலாம். பக்கத்து இருக்கையில் இருந்த பெண், “அக்கா, உங்களுக்குத்தான் உடம்பு சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் மருந்து மாதிரி தண்ணீர் குடிக்கிறீர்கள்?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு நன்மையும் விளைந்தது. விவரத்தைச் சொன்ன பிறகு, மீட்டிங்குக்கு எழுந்துபோகும்போதெல்லாம் என் பாட்டிலையும் அவளே எடுத்து வந்துவிடுவாள். மிகவும் குளிர்ந்த நீரைவிட வெதுவெதுப்பான நீர் எனக்கு எளிதாக இறங்கியது. சிலருக்கு இது நேர்மாறாகவும் இருக்கும். சோடா கலந்த பானங்கள் மட்டும் யாருக்கும் ஆகாது.

உணவு இதைவிடச் சிக்கலானது. முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் திரவம், அடுத்து மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். படிகளின் கால அளவு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறவர், அலுவலக மதிய இடைவேளையைத் திரவத்தோடோ மசித்த உணவோடோதான் கழிக்கப் போகிறார். நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்பதால் புரோட்டீன் பவுடரைக் கரைத்துக் கொண்டுபோவது தவிர்க்க முடியாதது. அதை மூடிய பாட்டிலில் பல மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் திறந்தால் வரும் வாடையே சாப்பிடும் எண்ணத்தைப் போக்கிவிடும். பவுடரைத் தனியே கொண்டுபோய் அங்கே கலப்பதுதான் உசிதம். இன்னொரு விதி, சாப்பிடும்போது நீர் குடிக்கக்கூடாது, சாப்பிட்டு முடித்து 30 நிமிடம் கழித்தே குடிக்க வேண்டும் என்பது. நாலு கரண்டி மசித்த உணவை மெதுவாக உண்ண அரை மணி, அதன்பின் காத்திருக்க அரை மணி என்றால், மதியச் சாப்பாடு நீர் குடிக்கும் நேரத்தில் ஒரு மணியை விழுங்கிவிடுகிறது. மேலே சொன்ன கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு மேலும் ஒரு எச்சரிக்கை உண்டு. யாரோ பிறந்தநாள் என்று நீட்டும் ஒரு துண்டு இனிப்பு, சற்று நேரத்திலேயே படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி என்று கொண்டுவந்துவிடக் கூடும். வேலையிடத்தில் அது நேர்வதை யாரும் விரும்பமாட்டார்கள்.

மயக்கம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, எடை கணிசமாகக் குறைவதற்கு முன்பே, முதல் வாரங்களிலேயே மருந்தின் தேவை குறையத் தொடங்கலாம். பழைய அளவையே தொடர்ந்தால் நாற்காலியிலிருந்து எழும்போது கண் இருட்டும், சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும். இதனால்தான் அறுவைக்குப் பிறகு மருந்துகளின் அளவை மருத்துவர் மாற்றுகிறார். மருந்தை நாமாக நிறுத்தவும் கூடாது, பழைய சீட்டைப் பார்த்துத் தொடரவும் கூடாது. வேலைக்குப் போகத் தொடங்கும் வாரத்தில் வீட்டிலேயே இரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துவைப்பது உதவும். வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள், தூக்கம் தரும் வலி மாத்திரைகள் நின்றபின், திடீரென்று பிரேக்கை அழுத்தினால் வயிறு இழுத்துப் பிடிக்காத நிலைக்கு வந்தபின்தான் ஓட்டலாம். அலுவலகத்தில் தலைவலிக்கு யாராவது அன்போடு நீட்டும் மாத்திரையையும் கவனிக்க வேண்டும். ஐபூப்ரோஃபென் போன்ற மருந்துகள் இந்த அறுவைக்குப் பிறகு, அதிலும் குறிப்பாகப் பைபாஸுக்குப் பிறகு, புண்ணை உண்டாக்கக் கூடியவை.

உடல் உழைப்பு வேலை செய்கிறவர்களுக்கு நான் மேலே சொன்னதெல்லாம் போதாது. 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று பல வாரங்களுக்குச் சொல்வது, துளையிட்ட இடங்களில் வயிற்றுச் சுவர் விலகிக் குடலிறக்கம் வந்துவிடக்கூடாது என்பதற்காக. சம்பளத்தோடு விடுப்பு கிடைக்காதவர்தான் பெரும்பாலும் முன்கூட்டியே திரும்ப நேர்கிறது, பாரம் தூக்கும் வேலையும் பெரும்பாலும் அவருக்குத்தான் வாய்க்கிறது. இந்த முரண்பாட்டுக்கு மருத்துவத்தில் விடை இல்லை. சில வாரங்களுக்கு வேறு வேலை தரும்படி, எடை அளவைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவது மட்டுமே செய்யக்கூடியது. “கனமான வேலை வேண்டாம்” என்று பொதுவாக எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பொருள்கொள்வார்கள். எங்களைப் போல் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் லேப்டாப், சார்ஜர், பாட்டில், சாப்பாட்டுப் பை எல்லாம் சேர்ந்த தோள்பை 5 கிலோவை எளிதில் நெருங்கிவிடும். நான் லேப்டாப்பை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

உட்கார்ந்தே இருப்பதிலும் ஆபத்து உண்டு. கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் வீடு திரும்பிய பிறகும் சில வாரங்கள் தொடர்கிறது. மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்வது அதனால்தான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கக்கூடாது. காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 120க்கு மேல் ஓடும் நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி ஆகியவை ஸ்டேப்ளர் கோட்டில் கசிவு ஏற்பட்டிருப்பதைக் காட்டக்கூடும். முதல் சில நாள் வரும் தோள்வலி பெரும்பாலும் வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கரியமில வாயுவால் வருவது, தானாகவே போய்விடும். அது போன பிறகு புதிதாக ஒரு வலி வந்தால் அதை வாயுவின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. ஓயாத வாந்தியும் அப்படித்தான். உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் இருப்பு சில வாரங்களுக்கே தாங்கும், அது தீர்ந்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும்.

அலுவலகத்தில் யாரிடம் எதைச் சொல்வது என்பது அவரவர் விருப்பம். வயிற்றில் ஒரு சிறு அறுவை என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை, மனிதவளத் துறைக்குக் கொடுக்கும் சான்றிதழிலும் அதற்கு மேல் எழுதியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒருவரிடமாவது முழு விவரத்தைச் சொல்லிவைப்பது பாதுகாப்பு. நான் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸில் வருபவரிடம் எனக்கு என்ன அறுவை நடந்தது என்று சொல்ல அங்கே ஒருவர் வேண்டும். மற்றவர்களின் அறிவுரைகளைப் பொறுத்தவரை, நடைப்பயிற்சியிலேயே குறைத்திருக்கலாமே என்பவருக்கு நான் பதில் சொல்வதில்லை. அவர் கேட்பது என் உடல்நிலையைத் தெரிந்துகொள்ள அன்று.

சோர்வுதான் எதிர்பாராத நேரத்தில் வரும். முதல் வாரத்தைவிட, ஓரளவு தேறிவிட்டோம் என்று வேலையில் இறங்கிய பிறகுதான் எனக்கு அது அதிகமாக இருந்தது. நாளொன்றுக்கு 800 கலோரிகூட உள்ளே போகாத காலத்தில் மதியம் மூன்று மணிக்கு எழுத்துகள் கலங்குவது சோம்பல் ஆகாது. முடிந்தால் வாரத்தின் நடுவில் சேர்வது நல்லது. இரண்டு நாள் வேலை பார்த்தவுடன் விடுமுறை வந்துவிடும், குறைந்துபோன நீரையும் தூக்கத்தையும் அதற்குள் ஒரு வழிக்குக் கொண்டுவரலாம். முதல் வாரங்களில் அரைநாள் வேலையோ, வீட்டிலிருந்து வேலையோ கேட்டுப் பெறலாம். முக்கியமான மீட்டிங்குகளைக் காலையில் வைத்துக்கொண்டேன், கவனப் பிழை வரக்கூடிய கணக்குகளை மாலையில் தொடவில்லை.

விடுப்பு முழுவதையும் ஆரம்பத்திலேயே தீர்த்துவிடவும் கூடாது. முதல் ஆண்டில் பலமுறை பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளுக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாவதும் நடக்கக்கூடியது. இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும் என்பதால், இரண்டில் ஒன்று அலுவலக நேரத்தில்தான் வரும். அதற்கென்று கைப்பேசியில் ஓர் அலாரம் வைத்து, மாத்திரையை மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருக்கிறேன்.