11,000 கிலோமீட்டரில் பிரேக் பேடு தேயுமா?

"வண்டி ஓடவே இல்லையே, அதுக்குள்ள எப்படிங்க?" என்று கேட்காமல் யாரும் பிரேக் வேலைக்குச் சம்மதித்ததாக எனக்கு நினைவில்லை. சேலம் கோரிமேட்டுப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஏற்காட்டுக்குப் போகிற, அங்கிருந்து இறங்குகிற கார்களில் பாதிக்கு மேல் இந்தச் சாலையில்தான் போகின்றன. கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. சமதரையில் ஓடும் காருக்கு முன்சக்கர பேடு முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டர் சாதாரணமாகத் தாங்கும். பத்தாயிரம் சொச்சத்தில் மாற்றச் சொன்னால் எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அப்படிச் சந்தேகத்தோடு வந்த ஒரு காரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஐரோப்பியத் தயாரிப்பு, பெட்ரோல், ஆட்டோமேட்டிக். வாங்கி நான்கு வருடம் ஆகியும் மீட்டரில் 11,000 சொச்சம்தான். உரிமையாளர் ஏற்காட்டிலேயே குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர். சேலத்துக்கு பேங்க், ஆஸ்பத்திரி, மளிகை என்று இறங்கி ஏறுவார், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் வண்டி வீட்டு முன்னால் சில்வர் ஓக் மரத்தடியில் பனியில் நனைந்துகொண்டு நிற்கும்.

டேஷ்போர்டில் பிரேக் பேடு தேய்ந்துவிட்டது என்று மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்ததும், அவர் முறைப்படி வெளியூரில் இருக்கும் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறார். அங்கே நான்கு சக்கரத்துக்கும் பேடு, நான்கு டிஸ்க், சென்சார், பிரேக் ஆயில் என்று ஒரு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தொகையைப் பார்த்ததும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில், "அப்பா, அது சென்சார் கோளாறு. யாராவது ஸ்கேனர் வச்சிருந்தா அழிச்சுத் தருவாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

"தம்பி, லைட்டை மட்டும் அணைச்சுக் குடு, போதும்" என்றார் சார்.

"அணைக்கறது பெரிய வேலையில்லைங்க சார். மொதல்ல அது எதுக்கு எரியுதுன்னு பாத்துடலாம்."

"அவங்களும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க" என்று சிரித்தார். கோபமில்லை. பரீட்சைத் தாள் திருத்திய பழக்கத்தில் யார் விடையையும் உடனே நம்பாத சிரிப்பு அது.

இந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீரும். பெரிய மூளை எதுவும் அதில் கிடையாது. பிரேக்கை மிதித்தால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிப்பதுதான் பேடு. அதற்குள் ஒரு மெல்லிய கம்பி வளையம் புதைந்திருக்கும். பேடு தேய்ந்து மூன்று மில்லிமீட்டர் வாக்கில் வரும்போது சுழலும் டிஸ்க் அந்தக் கம்பியையும் சேர்த்து உரசி அறுத்துவிடும். மின்சாரம் திரும்பி வராததால் கம்ப்யூட்டர் விளக்கை எரிய வைக்கும். சில வண்டிகளில் இரண்டு படியாக அறுபடும். அதை வைத்து இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ஒரு கணக்கும் காட்டும். பெரும்பாலும் முன்னால் ஒரு சக்கரத்தில், பின்னால் ஒரு சக்கரத்தில்தான் சென்சார் இருக்கும். நான்கிலும் இருக்காது. ஆக, கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் கம்பி அறுந்த செய்தி மட்டும். பேடு அறுத்ததா, எலி அறுத்ததா, கனெக்டரில் பச்சை பூத்துத் தொடர்பு விட்டதா என்பது அதற்குத் தெரியாது.

நிற்கிற வண்டிக்கு எலி பெரிய எதிரி. ஓடாத இன்ஜினுக்கு அடியில் குடும்பமே நடத்தும். அதனால் மகன் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. முதலில் அந்த வழியில்தான் பார்த்தேன். சென்சார் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் பீப் வரவில்லை, அதாவது கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. கனெக்டர் பின் இரண்டும் பளிச்சென்று இருந்தன. வயரை விரலால் தடவிக்கொண்டே, பேடுகளை டிஸ்க்மேல் அழுத்தும் காலிபர் வரை போனேன். பல் பட்ட தடயம் இல்லை, எங்கும் மடிந்து ஒடியவும் இல்லை. அப்படியானால் அறுந்த இடம் பேடுக்குள்தான்.

எங்கள் ஒர்க்‌ஷாப் பையன் சக்கர ஆரங்களுக்கு நடுவே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, பேடு புதுசாட்டம் இருக்குதுங்கண்ணா" என்றான். சார் முகத்தில் வெற்றிக் களை. ஆனால் ஆரம் வழியாகத் தெரிவது வெளிப்பேடு மட்டும்தான். ஒரு டிஸ்க்குக்கு இரண்டு பேடு. உள்பேடு காலிபருக்குப் பின்னால், இருட்டில் ஒளிந்திருக்கும். இந்தக் காரில் சென்சார் இருந்ததும் உள்பேடில்தான். சக்கரத்தைக் கழற்றாமல் பிரேக் பேடைப் பற்றி யார் என்ன சொன்னாலும், நல்லது என்றாலும் கெட்டது என்றாலும், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஜாக்கி போட்டு, சக்கரத்தை இறக்கி, காலிபரைத் தூக்கினோம். வெளிப்பேடு எட்டு மில்லிமீட்டர். உள்பேடு ஒரு ஓரத்தில் மூன்று, மறு ஓரத்தில் அதைவிடக் குறைவு. கம்பி வளையம் நறுக்கென்று அறுந்து பளபளத்தது.

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. இந்த வகைக் காலிபரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது உள்பேடை நேராக அழுத்தும். அந்த அழுத்தத்தில் காலிபர் மொத்தமும் இரண்டு கைடு பின்கள்மேல் நகர்ந்து வெளிப்பேடை இழுத்துக்கொண்டு வரும். பின்னில் கிரீஸ் காய்ந்து துரு ஏறினால் காலிபர் நகராது. எல்லாப் பாரமும் உள்பேடின் தலையில் விழும். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் அது டிஸ்க்கை லேசாக உரசிக்கொண்டே இருக்கும். கீழ்ப் பின்னை நான் கையால் இழுத்தபோது அசையவே இல்லை. சுத்தியல் எடுத்து வந்த பிறகுதான் மனசு வைத்தது. பின்னை மூடும் ரப்பர் உறையில் மெல்லிய வெடிப்பு இருந்தது. நான்கு வருட மழையும் பனியும் அந்த வழியாக உள்ளே போயிருக்கின்றன.

தினமும் ஓடும் வண்டியில் கைடு பின் அசைந்துகொண்டே இருப்பதால் இவ்வளவு சுலபமாக இறுகாது. அந்த வண்டி ஓடாததால் தேய்ந்தது என்று சொன்னால் சார் நம்புவாரா என்று எனக்கே யோசனையாக இருந்தது. கூப்பிட்டு, இரண்டு பேடையும் கையில் கொடுத்தேன். கனத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் கழற்றச் சொன்னார். அதில் உள்ளும் புறமும் ஏறத்தாழ சமமாக, ஆறு மில்லிமீட்டர் வாக்கில் இருந்தது.

"இதுவும் ஒண்ணும் புதுசு இல்லையே தம்பி?"

கேட்க வேண்டிய கேள்விதான். புதுப் பேடு அந்த வண்டிக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். எந்தக் கோளாறும் இல்லாத சக்கரத்திலேயே பாதிக்கு அருகில் போயிருந்தது. இதற்குப் பதில் மலையில் இருக்கிறது.

அடிவாரத்துக்கும் ஏற்காடு ஏரிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,000 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. 1.2 டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுகிற சக்தியை வெப்பமாகக் கணக்கிட்டால், முப்பது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இந்த வெப்பத்தில் ஒரு பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கவிடாவிட்டால் மொத்தமும் பேடுக்கும் டிஸ்க்குக்கும்தான். மீட்டரோ, ஏறினாலும் இறங்கினாலும் சேலம் ஐந்து ரோட்டு நெரிசலில் ஊர்ந்தாலும் கிலோமீட்டரை ஒரே மாதிரி எண்ணிக்கொண்டு போகும்.

"இறங்கறப்ப எந்த கியர்ல சார் இறங்குவீங்க?"

"டி-யிலதான். ஆட்டோமேட்டிக்ல கியரெல்லாம் வண்டியே பாத்துக்கும்னு சொல்லித்தானே வித்தாங்க?"

விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சமதரையில் அது சரிதான். மலையில் டி-யில் விட்டால் பல வண்டிகள் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பெரிய கியரிலேயே இறங்கும். ஓட்டுகிறவர் கால் பிரேக்கிலேயே கிடக்கும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்பது நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர்கள் கிளீனர் பையனுக்குச் சொல்லும் பழைய பாடம். டீசல் மிச்சமாகும் என்று தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகள்மேல் ஏற்றிய லாரிகளைப் பற்றி இந்தப் பக்கம் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். லாரிக்குச் சொன்ன பாடம் காருக்கும் பொருந்தும் என்பதுதான் பலருக்கு உறைப்பதில்லை. ஆட்டோமேட்டிக் கியர் லீவரிலும் எம், எஸ், எல் என்று ஏதோ ஓர் எழுத்து அதற்காகவே இருக்கிறது.

மே மாதம் கோடை விழா சமயத்தில் அடிவாரத்தில் நின்று பார்த்தால் இதற்குச் சாட்சியே வேண்டாம். வெளியூர்க் கார்கள் கருகல் வாசத்தோடு வந்து ஓரம் கட்டும். சக்கரத்திலிருந்து புகை வரும். யாராவது பதறிப்போய் பாட்டில் தண்ணீரை டிஸ்க்மேல் ஊற்றுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். அரை மணி நேரம் சும்மா நிறுத்தினால் தானாக ஆறும். இப்போது எலக்ட்ரிக் கார்களும் நிறைய வருகின்றன. இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் என்ற தைரியம் அவற்றை ஓட்டுகிறவர்களுக்கு. மேலே லாட்ஜில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அந்தச் சார்ஜ் போக இடம் ஏது? முதல் சில வளைவுகளில் கால் பிரேக்தான் கதி.

எஸ்டிமேட்டுக்கு வருகிறேன். பின்சக்கரம் இரண்டையும் கழற்றினோம். பேடு எல்லாமே தாராளமாக இருந்தன. டிஸ்க் ஓரத்தில் குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்று கம்பெனியே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் நான்குமே அதற்கு மேல்தான். நின்று நின்று மேலே துரு படிந்திருந்தது. நான்கு முறை பிரேக் பிடித்தால் போய்விடுகிற துரு. அது அசிங்கமாகத் தெரிந்ததால்தான் டிஸ்க்கையும் பட்டியலில் சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

விளக்கு சொன்னது நிஜம், பட்டியல் தேவைக்கு மேல். நானும் இப்படி ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் அட்வைசராக, அதாவது எஸ்டிமேட் எழுதுகிறவனாக, வேலை பார்த்தவன்தான். காலையில் நிற்க வைத்து மீட்டிங் போடுவார்கள். ஒரு ஜாப் கார்டுக்கு, அதாவது ஒரு வண்டியின் வேலைச் சீட்டுக்கு, சராசரியாக எத்தனை ரூபாய் என்பதுதான் அங்கே பேச்சு. கார்டில் பேடு "ரீப்ளேஸ்" என்று எழுத ஒரு டிக் போதும். எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதக் கட்டம் இருந்தும் யாரும் நிரப்ப மாட்டார்கள். சக்கரத்தைக் கழற்றி அளக்க எடுக்கும் நேரத்தில் இன்னொரு வண்டி வந்து நிற்கும். அட்வைசர் பையன்கள் எல்லோரும் திருடர்கள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அளக்காமல் எழுதிய எஸ்டிமேட்டை நம்பாத வாடிக்கையாளரையும் என்னால் குற்றம் சொல்ல முடியாது. கெடுதல் என்னவென்றால், ஒருமுறை நம்பிக்கை போனபின் உண்மையான விளக்கையும் அவர் அணைக்கச் சொல்கிறார்.

அணைத்துத் தருவதற்கும் ஆள் உண்டு. அறுந்த சென்சாரின் இரண்டு வயரையும் உரித்து முறுக்கி டேப் சுற்றினால் பெரும்பாலான வண்டிகளில் விளக்கு போய்விடும். அப்படி முறுக்கிய ஒரு கார் வேறு வேலைக்காக எங்களிடம் வந்தது. பேடு முழுக்கத் தீர்ந்து, பின்னால் இருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கை உழுதிருந்தது. இன்னொரு வகை, பிரேக் ஆயில் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் ஆயிலை ஊற்றி நிரப்புவது. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், மேலே டப்பாவில் அளவு குறையும். ஒழுக்கு ஏதுமில்லாமல் அளவு குறைந்தால் பேடைப் பார்க்க வேண்டும். ஊற்றி மறைத்தால், புதுப் பேடு போட்டு பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும்.

ஆயில் அவர்கள் பட்டியலில் சரியாகவே இருந்தது. டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அதன் குணம். ஈரம் ஏறினால் 155 டிகிரி வாக்கிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, மிதித்தால் பெடல் பஞ்சாக உள்ளே போகும். வண்டி நின்றாலும் ஈரம் ஏறுவது நிற்காது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். சார் வண்டியில் நான்கு வருட ஆயில், டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

நான் சொன்ன வேலை இவ்வளவுதான்: முன்சக்கரம் இரண்டுக்கும் பேடு, ஒரு சென்சார், பின்களைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ், புது ரப்பர் உறை, பிரேக் ஆயில். "ஒரு பக்கம்தானே தேஞ்சிருக்கு, அதை மட்டும் மாத்தேன்" என்று கேட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதனால் ஜோடியாகத்தான் போட வேண்டும் என்றதும் விட்டுவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்கேனரை மாட்டி விளக்கை அழித்தேன். அவர் வந்ததே அதற்காகத்தான்.

பில்லின் பின்பக்கம் நான்கு சக்கரத்தின் உள்பேடு, வெளிப்பேடு அளவையும் தேதி போட்டு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பழைய பேடையும் பையில் போட்டு வாங்கிக்கொண்டார், மகனுக்கு வீடியோ காலில் காட்ட.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை கைடு பின்களை மட்டும் இழுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். சொன்னபடி வந்தார். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று, நான் படிக்கப் படிக்க அளவைச் சரிபார்த்தார். கைடு பின் நன்றாக நகர்ந்தது. உள்ளும் புறமும் ஒரே அளவு.

"ரெண்டாவது கியர்ல இறங்கறேன், ஆனா இன்ஜின் ரொம்பக் கத்துது தம்பி. அதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாதுங்க சார். மீட்டர்ல செவப்புக் கோட்டைத் தொடாத வரைக்கும் கத்தட்டும்."

அதையும் எழுதித் தரச் சொன்னார்.