அட்டெண்டருக்கு எழுதிக் கொடுத்த ஒரு பக்கம்

முதுமை மறதி உள்ள ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் அட்டெண்டரை வரவழைக்கும் குடும்பங்கள், மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது, டயப்பரை எத்தனை மணிக்கு மாற்ற வேண்டும், சர்க்கரை இறங்கினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் முதல் நாளிலேயே சொல்லி முடித்துவிடுகின்றன. ஒப்படைக்கப்படும் அந்த மனிதர் இத்தனை ஆண்டுகள் என்னவாக வாழ்ந்தார் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. என் மாமனாரைப் பார்த்துவரும் இந்த ஆண்டுகளில், மறதி நோயாளியின் வீட்டில் மருந்துச் சீட்டுக்கு நிகராகத் தேவைப்படுவது அவருடைய வாழ்க்கைக் குறிப்பு என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

மாமா அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை மதுரை–தேனி தடத்தில் கழித்தவர். மறதி தொடங்கியபோது குடும்ப மருத்துவர் முதலில் தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டையும் சோதிக்கச் சொன்னார். அவற்றின் குறைபாட்டாலும் இதே போன்ற மறதி வரக்கூடும், அதைச் சரிசெய்யவும் வழி உண்டு என்பதால், அந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. எங்கள் விஷயத்தில் இரண்டும் சரியாகவே இருந்தன. ஸ்கேனுக்குப் பிறகு நரம்பியல் மருத்துவர் அல்சைமர் என்று உறுதிசெய்து டோனெபெசில் எழுதிக் கொடுத்தார். அது நோயை நிறுத்தாது, சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இவர்களுக்கென்று தனியாக இயங்கும் காப்பகங்கள் பெருநகரங்களிலேயே மிகக் குறைவு. ஆகவே ஏறக்குறைய எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். மனைவியோ மகளோ மருமகளோதான் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் அத்தைக்கு முழங்கால் வலி, எனக்கு அலுவலகம். அதனால்தான் தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆள் தேவைப்பட்டது.

முதலில் வந்த பெண் பொறுப்பானவர். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும், கதீட்டர் பையை மாற்றவும், தூக்கி உட்காரவைக்கவும் ஏஜென்சியில் பழக்கியிருந்தார்கள். ஆனால் மாமா படுக்கையில் கிடப்பவர் அல்லர்; நன்றாக நடப்பவர், விடியலுக்கு முன்பே எழுந்து முதல் டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று வாசல் கதவைத் தட்டுபவர். அந்தப் பெண் கதவைப் பூட்டிவிட்டு, “தாத்தா, நீங்க ரிட்டயர் ஆகிப் பல வருஷமாச்சு, போய்ப் படுங்க” என்று உண்மையைச் சொன்னார். மாமா அவரைத் தள்ளினார், கெட்ட வார்த்தையில் திட்டினார். நோயாளி முரடர் என்று ஏஜென்சிக்குத் தகவல் போயிற்று. அவர்கள் மாற்று ஆள் அனுப்புவதாகச் சொன்னார்களே தவிர, ஏன் தள்ளினார் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை உண்டு. அல்சைமர் நோய் மூளையில் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியைத் தொடக்கத்திலேயே தாக்குகிறது. பழைய நினைவுகளும், உடம்போடு ஊறிப்போன தொழில் பழக்கங்களும் அதைவிட நெடுங்காலம் தாக்குப்பிடிக்கின்றன. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில் இல்லாத மாமாவுக்கு விடியற்காலை டெப்போவில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நினைவில் இருப்பதற்கு அதுதான் காரணம். ஓய்வு பெற்றுவிட்டீர்கள் என்று ஒவ்வொரு விடியலிலும் சொல்வது, அவருக்கு ஒவ்வொரு முறையும் அப்போதுதான் முதன்முதலாக வேலை போனது போன்ற செய்தி. டூட்டிக்குப் போகும் மனிதரை அறிமுகமில்லாத ஒருத்தி அவர் வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்தால் அவர் வேறு என்ன செய்வார்?

அடுத்த அட்டெண்டர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அவர் வருவதற்கு முன் அத்தையும் நானும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். மாமாவின் வேலை, ஓடிய தடம், எழும் நேரம். ‘தாத்தா’ என்றால் முகம் கொடுக்கமாட்டார், ‘கண்டக்டர் சார்’ என்றால் திரும்பிப் பார்ப்பார். டீயில் சர்க்கரை போடாவிட்டாலும் நுரை இருக்க வேண்டும். இறந்துபோன அண்ணனைத் தேடுவார். சட்டைப் பையில் பேனா இல்லாமல் வெளியே வரமாட்டார். மருத்துவம் சார்ந்த வரி அதில் ஒன்றுகூட இல்லை.

முதல் வாரத்திலேயே அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டார். விடியலில் மாமா கதவருகே நின்றால், “சார், டூட்டி மாத்திட்டாங்க. இன்னைக்கு உங்களுக்கு செகண்ட் ஷிஃப்ட். டீ குடிச்சிட்டுப் படுங்க, நான் எழுப்புறேன்” என்பார். மாமா டைம் கீப்பரைப் பற்றி ஏதாவது முணுமுணுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். குளிக்கவைப்பது அதைவிடக் கடினம். ஆண் நோயாளிகளைப் பார்க்க ஆண் அட்டெண்டர் கிடைப்பது எங்கள் ஊரில் அரிது. அந்நியப் பெண் சட்டையைக் கழற்ற வந்தால் கூச்சப்படாத ஆண் யார்? இடுப்புத் துண்டை எடுக்காமலே தண்ணீர் ஊற்றி, “செக்கானூரணி இறங்குறவங்க எல்லாம் வாங்க” என்று அவர் தொடங்கினால், மாமா உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று தொடர்வார். பேருந்து தேனி போய்ச் சேர்வதற்குள் குளியல் முடிந்துவிடும். ஊர்ப் பெயர்களைத் தெரிந்த ஆளாக அவர் அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் மறதி நோயாளிகளில் பலருக்குப் பதற்றம் கூடும். மாமாவும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தம் வீட்டிலேயே நின்று கேட்பார். நிழல் விழும் முன்பே விளக்குகளைப் போட்டுவிடுவது, கூடத்துக் கண்ணாடியைத் துணியால் மூடுவது, கழிவறை விளக்கை இரவு முழுவதும் எரியவிடுவது ஆகியவை ஓரளவு உதவின. எல்லாவற்றையும்விட உதவியது சில்லறை நாணயங்களும் துண்டுக் காகிதக் கட்டும்தான். டிரிப் முடிந்து கலெக்ஷன் கட்டுவதுபோல அவர் நாணயங்களை வகை பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பார். கணக்குச் சரியாக வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பின்னாளில் கையில் கிடைத்ததை வாயில் போடும் பழக்கம் வந்ததும் நாணயங்களை எடுத்துவிட்டோம்.

உறவினர் சிலர் இதையெல்லாம் பெரியவரை ஏமாற்றுவது என்கிறார்கள். அவர் இருக்கும் காலத்துக்குள் நாமும் போய் நின்று பேசுவதற்கும், நம் வசதிக்காகப் பொய் சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது என்று நினைக்கிறேன். அண்ணனைத் தேடினால், இறந்துவிட்டார் என்றும் சொல்வதில்லை, நாளை வருவார் என்றும் சொல்வதில்லை. அண்ணன் எப்படிச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்போம். பென்ஷன் தாளில் கையெழுத்து வாங்குவதற்கு மட்டும் இந்தத் தந்திரத்தைப் பயன்படுத்துவதில்லை என்று என் கணவரும் நானும் முடிவு செய்துகொண்டோம்.

பணம் பற்றிய வேலைகளை நோயின் தொடக்கத்திலேயே முடித்துவிட வேண்டும். பலர் பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நம்புகிறார்கள். ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. கூட்டுக் கணக்கு, வாரிசு நியமனம், உயில் ஆகியவற்றை அவர் புரிந்து கையெழுத்திடக்கூடிய காலத்திலேயே செய்தாக வேண்டும்.

பார்த்துக்கொள்பவரைப் பார்ப்பது யார் என்பது இன்னொரு பெரிய விஷயம். கோவாவில் 81 குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், குறுகிய காலப் பயிற்சி மட்டுமே பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நோயைப் பற்றி விளக்கி, நோயாளியின் நடத்தையைச் சமாளிக்க வழி சொல்லி, குடும்பத்தார் பேசுவதைக் கேட்டார்கள்; ஆறு மாதங்களில் பராமரிப்பவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண்கள் ஏற்கெனவே வாசல் வரை வருகிறார்கள். அவர்களுக்கே இந்தப் பயிற்சியையும் கொடுத்தால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இப்போதைக்கு வெளியிலிருந்து யோசனை கேட்க வேண்டுமானால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

எங்கள் அட்டெண்டருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு கட்டாயம். அன்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். திருவிழாவுக்கு அவர் ஊருக்குப் போகும்போது மாற்று ஆள் வருவார், அவருக்கும் அந்தப் பக்கத்தைக் கொடுப்போம். அது இதற்குள் பல முறை திருத்தி எழுதப்பட்டுவிட்டது. செகண்ட் ஷிஃப்ட் வரி அடிக்கப்பட்டுவிட்டது, ஏனென்றால் மாமா இப்போது டெப்போவைக் கேட்பதில்லை. நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும், தண்ணீர் புரையேறுகிறது, கஞ்சியைக் கெட்டியாகக் கொடுத்தால் இறங்குகிறது, வாயில் ஒரு கவளம் இருக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது, வலது தோளைத் தொட்டால் முகம் சுளிக்கிறார் என்று புதிதாகச் சேர்ந்த வரிகள் எல்லாம் அந்த உசிலம்பட்டிப் பெண் சொல்லச் சொல்ல நான் எழுதியவை.