128 முகவரிகள், 6,000 வீடுகள்: சிஜிநாட் அமைத்த அனுபவம்

எங்களுடையது ஒரு மாவட்டத்துக்குள் ஃபைபர் இணைப்பு தரும் சின்ன நிறுவனம். வீடுகள் ஏறத்தாழ 6,000. கையில் இருந்த பொது ஐபிவி4 முகவரிகள், அதாவது வெளி இணையத்தில் நேரடியாகச் செல்லுபடியாகும் பழைய வகை முகவரிகள், 512. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி பிரித்துத் தரும் ஏப்னிக், 2011 ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதியைத் தொட்டுவிட்டது. பிறகு வந்தவர்களுக்குக் கிடைப்பது அளந்து ஊற்றியதுதான். லீஸ்டு லைன் (தனி இணைப்பு) வாடிக்கையாளர்களுக்கும் சர்வர்களுக்கும் போக, வீடுகளுக்கென்று மிஞ்சியது 128. பல வீடுகளை ஒரே பொது முகவரியில் வெளியே அனுப்பும் சிஜிநாட்டைத் தவிர வேறு வழியில்லை.

ரவுட்டரில் என்ன கட்டளை அடிப்பது என்பது அதைச் செய்த நிறுவனத்தின் கையேட்டிலேயே இருக்கிறது. எந்த எண்ணை எதற்காகப் போடுவது என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

வீட்டு ரவுட்டருக்குக் கொடுக்கும் உள்முகவரிக்கு 100.64.0.0/10 தொகுதியை எடுத்தேன். 2012-இல் ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இந்த வேலைக்கென்றே ஒதுக்கியது அது. 41 லட்சத்துக்கு மேல் முகவரிகள். 10-இல் தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தால், வீட்டுக்குள் அதே எண்களைப் பயன்படுத்துபவர்களோடும் அலுவலக விபிஎன்களோடும் மோதும்.

அடுத்தது போர்ட் கணக்கு. ஒரே முகவரியில் போகும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்தான் போர்ட். ஒரு பொது முகவரிக்கு 65,536 போர்ட்கள். முதல் 1,024-ஐ விட்டுவிட்டால் 64,512. முகவரிக்கு 64 வீடு என்று பிரித்தால் வீட்டுக்கு 1,008 போர்ட். 128 முகவரிக்கு 8,192 வீடு வரை இடம் இருக்கிறது, நமக்கோ 6,000தான் என்று நிம்மதியாக இருந்தேன். நிலையான பங்கீட்டில் இன்னொரு வசதியும் உண்டு: பொது முகவரியையும் போர்ட்டையும் சொன்னால் எந்த வீடு என்று கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

மாற்றிய முதல் ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்ளும் கேபிள் ஆபரேட்டர் அழைத்தார். “தம்பி, டிவில படம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஆனா போன்ல புதுசா எதைத் தொட்டாலும் திறக்க மாட்டேங்குது.”

இந்த வேலையில் இருப்பவர்கள் இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லைன் போனால் எல்லாம் நிற்கும். போர்ட் தீர்ந்தால் ஓடுவது ஓடும், புதிது மட்டும் திறக்காது. “அண்ணே, ஒரு பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டு அவர் சொன்ன வீட்டின் நாட் அட்டவணையை, அதாவது எந்த இணைப்பு எந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன். 1,008-க்கு 1,008. அதில் பாதிக்கு மேல் எதிர்முனையின் போர்ட் 53-க்குப் போனவை, அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் முகவரியைத் தரும் டிஎன்எஸ். ஒவ்வொரு பெயர்த் தேடலும் புதிய போர்ட் ஒன்றைப் பிடிக்கிறது. பதில் ஒரு நொடிக்குள் வந்துவிடுகிறது. ஆனால் இந்தத் தேடல்கள் போகும் யூடிபி முறைக்கு டைம் அவுட், அதாவது சும்மா இருக்கும் போர்ட்டை விடுவிக்கும் நேரம், 5 நிமிடம் என்பதால் அந்தப் போர்ட் அதுவரை சும்மா அடைபட்டுக் கிடக்கிறது. ஐந்து போனும் ஒரு ஸ்மார்ட் டிவியும் உள்ள வீட்டில் 1,008 எந்த மூலைக்கு?

அவசரத்தில் யூடிபி டைம் அவுட்டையே 30 நொடியாகக் குறைத்தேன். அன்று இரவு எல்லாம் சரியாகிவிட்டது போலிருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு ஜவுளிக்கடையிலிருந்து புகார்: கடையின் ஐபி போனிலிருந்து வெளியே பேச முடிகிறது, வெளியிலிருந்து அழைத்தால் மணியே அடிப்பதில்லை. அந்தப் போன் தன் சர்வரில் பதிவு செய்துவிட்டு அமைதியாகக் காத்திருக்கும் வகை. 30 நொடியில் நான் வழியை மூடிவிடுகிறேன்; பிறகு அழைப்பு எப்படி உள்ளே வரும்? பொது யூடிபிக்கு 2 நிமிடத்துக்குக் கீழே போகக் கூடாது, 5 நிமிடம் நல்லது என்று ஆர்எஃப்சி 4787 சொல்வதன் பொருள் அப்போதுதான் உறைத்தது. தெரிந்த சேவைப் போர்ட்களுக்கு மட்டும் குறைத்துக்கொள்ளலாம் என்று அதே ஆவணம் இடம் தருகிறது. எனவே டிஎன்எஸ்ஸுக்கு மட்டும் குறைவாக வைத்து, மற்றதைத் திரும்ப 5 நிமிடமாக்கினேன். அதைவிட முக்கியமாக, எங்களுடைய டிஎன்எஸ் சர்வர்களை நாட் ரவுட்டருக்கு உட்பக்கம் வைத்து வீடுகளுக்கு அவற்றையே கொடுத்தேன். அந்தத் தேடல்கள் இப்போது பொதுப் போர்ட்டைத் தொடுவதே இல்லை.

பங்கீட்டையும் மாற்றினேன். 512 போர்ட் கொண்ட தொகுதிகள். முகவரிக்கு 126 தொகுதி, மொத்தம் 16,128. வீட்டுக்கு முதலில் ஒன்று, தேவைப்பட்டால் நான்கு வரை. எல்லா வீடும் ஒரே நேரத்தில் நான்கு கேட்டால் தாங்காதுதான். ஆனால் இரவு நேரத்திலும் பெரும்பாலான வீடுகள் ஒன்று, இரண்டோடு நின்றுவிடுகின்றன. நான்கையும் நிரப்பும் வீட்டில் பெரும்பாலும் வைரஸ் புகுந்த சிசிடிவி டிவிஆர் இருக்கும். அதைப் போய்ப் பார்ப்பதே நல்லது.

ஒரு வீட்டின் எல்லா இணைப்புகளும் ஒரே பொது முகவரியில் போகிற அமைப்பை மறக்காமல் போடுங்கள். இப்படித் தொகுதிகளாக மாற்றியபோது நான் முதலில் விட்டுவிட்டேன். வங்கிப் பக்கத்தில் பணம் கட்டிக்கொண்டிருக்கும்போதே முகவரி மாற, வங்கி லாக் அவுட் செய்துவிட்டது.

பொது முகவரித் தொகுதிக்கு நல் ரூட் (null route), அதாவது சேர இடமில்லாத பாக்கெட்டை அங்கேயே கைவிடச் சொல்லும் வரி, போடாமல் விட்டதும் என் தவறுதான். வெளியிலிருந்து பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ் ரூட் போட்டபோது எங்கள் எல்லை ரவுட்டரும் நாட் ரவுட்டரும் மாறி மாறி 30 வரி வரை ஓடின. அட்டவணையில் இல்லாத பாக்கெட்டை நாட் ரவுட்டர் தன் டிஃபால்ட் ரூட்டில் (வேறு வழி தெரியாதபோது அனுப்பும் பாதையில்) திருப்பி அனுப்ப, எல்லை ரவுட்டர் மறுபடி உள்ளே தள்ளுகிறது. ஒரே ஒரு வரியில் தீர்ந்தது.

லாக், அதாவது எந்த வீடு எப்போது எந்தப் பொது முகவரியில், எந்தப் போர்ட்டில் போனது என்ற பதிவு, அப்படித் தீரவில்லை. நம் நாட்டு உரிம விதிப்படி இணைப்பு விவரங்களை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ரவுட்டர் எழுத்து வடிவில் அனுப்பும் பதிவான சிஸ்லாக் எடுத்தபோது ஒரே நாளில் 40 ஜிபி வந்தது. இப்போது அதைவிடக் கச்சிதமான நெட்ஃப்ளோ பதிப்பு 9 வடிவத்தில் தனி சர்வருக்கு அனுப்பி, அங்கே சுருக்கி வைக்கிறோம். ரவுட்டர், லாக் சர்வர் இரண்டின் கடிகாரமும் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியில் ஒத்துப்போகிறதா என்று தினமும் பார்க்கிறேன். ஏனென்றால் விசாரணைக்கு வரும் கடிதத்தில் பொது முகவரியும் நேரமும் இருக்கும், போர்ட் எண் இருக்காது. அந்த நொடியில் அந்த முகவரிக்குப் பின்னால் ஐம்பது குடும்பம் இருக்கலாம். போர்ட் இல்லாமல் ஒரு பெயரை எடுத்துக் கொடுக்க என் மனம் ஒப்பாது. போர்ட்டைக் கேட்டுப் பதில் எழுதுகிறேன். இணையத்தளம் நடத்துபவர்கள் வருபவரின் போர்ட்டையும் பதிய வேண்டும் என்று ஆர்எஃப்சி 6302 சொன்னது 2011-இல். உங்களில் யாராவது சர்வர் நடத்தினால் தயவுசெய்து அந்த ஒரு புலத்தைச் சேர்த்துவிடுங்கள்.

மறுபடி தொடங்கச் சொன்னால், முகவரிப் பஞ்சமே இல்லாத புதிய வகையான ஐபிவி6-ஐத்தான் முதலில் கொடுப்பேன். யூடியூபும் வாட்ஸ்அப்பும் அதில் போகத் தொடங்கிய பகுதிகளில் நாட் அட்டவணை கண்ணெதிரே இளைத்தது. இப்போது பாக்கி, வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்கப் போர்ட் திறந்து வைத்திருந்த 37 வீடுகள். சிஜிநாட்டுக்குப் பின்னால் அது நடக்காது. அவர்களுக்குத் தனிப் பொது முகவரி ஒதுக்கி, ஒவ்வொருவரையாக அழைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று வரை 22 வீடு முடிந்திருக்கிறது.